நடக்கும் கேமராவுக்கு முன் ஒரு நின்ற கேமரா

பிரிட்டிஷ் தொலைக்காட்சி நாடக இயக்குநர் ஆலன் கிளார்க்கைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் அது நடையில்தான் போய் முடிகிறது. 'மேட் இன் பிரிட்டன்' நாடகத்தில் மொட்டைத்தலை டிம் ராத் விறுவிறுவென்று நடக்கிறார். 'கிறிஸ்டீன்' நாடகத்தில் ஒரு சிறுமி பிளாஸ்டிக் பையோடு வீடு வீடாக நடக்கிறாள். 'எலிஃபண்ட்'டில் கொலைகாரர்கள் நடக்கிறார்கள். எல்லார் பின்னாலும், நடந்துகொண்டே குலுங்காமல் படம் பிடிக்க உடம்பில் மாட்டிக்கொள்ளும் கேமராக் கருவியான ஸ்டெடிகேம் போகிறது. இதை வைத்து ஒரு கதையும் கட்டியாகிவிட்டது: 1980கள் வரை அவர் கொடுத்த பிரதியை ஒழுங்காக எடுத்துக்கொடுத்த தொலைக்காட்சி இயக்குநர், ஸ்டுடியோவுக்குள் அடைபட்டுக் கிடந்தவர், ஸ்டெடிகேம் கைக்கு வந்ததும் கூண்டு திறந்தது, நாடகம் போய் சினிமா வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருடைய ஸ்டுடியோ நாடகங்களையும் படச்சுருளில் எடுத்த நாடகங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்தக் கதை தாங்கவில்லை. ஸ்டுடியோவில் அவர் பிடித்த அதே பிடிவாதம்தான் பிற்பாடு தெருவில் இறங்கி நடந்தது என்பது என் கட்சி.

பிடிவாதம் என்றால், வெட்ட மறுப்பது. யாரைப் பார்க்க வேண்டும், எப்போது பார்க்க வேண்டும் என்று பார்வையாளருக்கு விரல் நீட்டிக் காட்ட மறுப்பது. இது மேடையின் குணம். மேடையில் நெருக்கக் காட்சி கிடையாது. ஒருவர் பேசும்போது மூலையில் நிற்பவரின் கையைப் பார்த்துக்கொண்டிருக்க உங்களுக்கு உரிமை உண்டு.

கிளார்க் மேடையில் கைபழகியவர் என்பதைப் பலரும் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். 1935இல் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், வாலசியில் பிறந்தார். கனடாவுக்குப் போய் டொராண்டோவின் ரயர்சன் கல்லூரியில் வானொலி, தொலைக்காட்சிப் படிப்பை முடித்து நாடு திரும்பியவர், தொலைக்காட்சியில் தளப் பணியாளராக வேலை பார்த்துக்கொண்டே 1962 முதல் 1966 வரை மேற்கு லண்டனில் ஈலிங்கில் உள்ள க்வெஸ்டர்ஸ் அரங்கில் நாடகங்கள் இயக்கினார். அது சம்பளம் வாங்காத நடிகர்களின் அரங்கு, ஆனால் சாதாரண அமெச்சூர் குழு அல்ல. 1964இல் அவர்கள் திறந்த புதிய கட்டடத்தில் மேடையையே மாற்றி அமைக்கலாம்: வழக்கமான சட்டக மேடையாக, மூன்று பக்கமும் ஆட்கள் உட்காரும் முன்னேறிய மேடையாக, நடுவட்டமாக. மூன்று பக்கம் கண்கள் இருந்தால் நடிகருக்கு 'முன்பக்கம்' என்ற ஒன்று இல்லாமல் போகிறது. முதுகும் நடிக்க வேண்டும். பிற்காலத்தில் அவர் எத்தனை நிமிடங்கள் முதுகுகளை மட்டும் காட்டினார் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு 1967இல் ரெடிஃப்யூஷன் என்ற தனியார் தொலைக்காட்சி நிறுவனத்தின் அரைமணி நேர நாடகங்கள். ஆலன் ஓவன், எட்னா ஓ'பிரையன், ராய் மின்டன் எழுதியவற்றை எடுத்தார். 1969இல் பிபிசி. அங்கிருந்து இருபது ஆண்டுகள்.

இரவு பத்து மணிக்கு விளக்கு அணையும்

பிபிசி டெலிவிஷன் சென்டரில் 75 நிமிட நாடகம் ஒன்று எப்படி உருவானது என்று தெரிந்தால்தான் இந்த விவகாரம் பிடிபடும். முதலில் இரண்டு மூன்று வாரம் ஒத்திகை. அது ஸ்டுடியோவில் நடக்காது. 1970இலிருந்து வடக்கு ஆக்டனில் இதற்கென்றே ஓர் அடுக்குமாடிக் கட்டடம் இருந்தது. நடிகர்கள் அதைக் கேலியாக 'ஆக்டன் ஹில்டன்' என்பார்கள். தரையில் வண்ண டேப் ஒட்டி அறைகளின் அளவைக் குறித்திருப்பார்கள். கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பம் நிற்கும். இந்தக் கோடுகளுக்குள் நாடகம் முழுவதும், மேடை நாடகத்தைப் போலவே, முதலிலிருந்து கடைசிவரை ஓடிப் பழகும். கடைசி நாட்களில் ஒளி, ஒலி, கேமராப் பொறுப்பாளர்கள் வந்து ஒரு முழு ஓட்டம் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இதற்குள் இயக்குநர் கேமரா ஸ்கிரிப்டை எழுதி முடித்திருக்க வேண்டும். வசனத்தின் எந்தச் சொல்லில் எந்தக் கேமராவுக்கு வெட்டு, என்ன கோணம், எங்கே நகர்வு என்று ஷாட்டுக்கு ஷாட் எண் போட்ட பிரதி. எண்கள் நூறுகளைத் தொடும். ஸ்டுடியோவில் நான்கைந்து கேமராக்கள். ஒவ்வொன்றிலும் அந்தக் கேமராவுக்கு உரிய ஷாட்கள் மட்டும் எழுதிய அட்டை செருகியிருக்கும். கட்டுப்பாட்டு அறையில் தயாரிப்பு உதவியாளர் எண்களைக் கூவிக்கொண்டே வர, விஷன் மிக்ஸர் பொத்தானை அழுத்துவார். அழுத்திய நொடியில் அந்த வெட்டு இரண்டு அங்குல வீடியோ டேப்பில் பதிவாகிவிடும். டேப்பைப் பிறகு வெட்டி ஒட்ட முடியும்தான். ஆனால் எடிட்டிங் அறை நேரம் விலை கூடியது, அதனால் நீளநீளமான பகுதிகளாக ஓடவிட்டுப் பதிவு செய்வதே வழக்கம். மொத்தம் இரண்டு மூன்று ஸ்டுடியோ நாட்கள். இரவு 10 மணிக்கு விளக்கு அணையும். அதற்கு மேல் ஓட வேண்டுமானால் பணியாளர்களிடம் பேசி ஒப்புதல் வாங்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் எது முதலில் கெடும் என்றால், அகலக் காட்சி. இரண்டாம் கேமரா பின்னால் வந்து முழு அறையையும் காட்டினால், நெருக்கத்துக்காக உள்ளே நுழைந்திருக்கும் முதல் கேமரா சட்டகத்தில் தெரியும். தலைக்கு மேல் நீண்டிருக்கும் மைக் கழியை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் குரல் மெலிந்து எதிரொலிக்கும், தாழ்த்தினால் அதன் நிழல் நடிகரின் நெற்றியில் விழும். மூன்று திசையிலிருந்தும் ஒரே நேரத்தில் படம் பிடிப்பதால் ஒளியை எல்லாப் பக்கமும் சமமாகக் கொட்ட வேண்டும். முகத்துக்கு வடிவம் போய்விடும். போதாக்குறைக்குத் தரையில் கேபிள். ஒரு கேமரா இன்னொன்றின் கேபிளைத் தாண்டிப் போய்விட்டால் வந்த வழியே திரும்பினால்தான் உண்டு, அடுத்த ஷாட்டுக்குப் போய்ச் சேராது. இவ்வளவு தொல்லைக்கும் எளிய மருந்து, நெருங்கிப் போய் முகத்தைப் பிடிப்பது. வீட்டுப் பெட்டியும் சிறியது. ஆகவே ஸ்டுடியோ நாடகம் தானாகவே முகம், மறுமுகம், முகம் என்று சாய்ந்தது. இதைத்தான் 'படம் பிடித்த நாடகம்' என்று இன்று இளக்காரமாகச் சொல்கிறோம். உண்மையில் அதில் நாடகமே இல்லை. மேடையிலிருந்து அது ரொம்ப தூரம் விலகி வந்த ஒன்று.

கிளார்க் இந்தச் சரிவுக்கு எதிராக நிற்கத் தொடங்கியது எந்த நாளில் என்று சொல்ல முடியாது. 1978இல் ஜெர்மன் நாடகாசிரியர் ப்யூக்னரின் 'டான்டனின் மரணம்', 1981இல் டேவிட் லேலண்ட் எழுதிய 'சை-வாரியர்ஸ்' என்று வரிசையாகப் பார்த்தால் அலங்காரம் உதிர்ந்துகொண்டே வருவது தெரியும். விசாரணைக் கைதிகளைப் பற்றிய இரண்டாவது நாடகத்தில் வெற்று வெள்ளைச் சுவர்கள்தான் அரங்கு. கண் ஓடி ஒளிய ஒரு மேசைவிளக்குகூட இல்லை. நடுவில் 'ஸ்கம்' விவகாரம் வருகிறது. சிறார் சீர்திருத்தப் பள்ளியைப் பற்றி ராய் மின்டன் எழுதியது. 1977இல் பிபிசியே எடுக்கவைத்து 1978 தொடக்கத்தில் முடக்கிப் போட்டது. 1979இல் அதையே திரைப்படமாகத் திரும்ப எடுத்தார்கள். பிபிசி பதிப்பு ஒளிபரப்பானது 1991இல், அதாவது கிளார்க் இறந்த மறு ஆண்டு. பலரும் இதைத்தான் அவர் வாழ்க்கையின் திருப்பம் என்பார்கள். பெயருக்கும் கோபத்துக்கும் அது திருப்பமாக இருக்கலாம். கைவேலையில் திருப்பம் வேறு இடத்தில் இருக்கிறது.

டேவிட் போவி எட்ட நிற்கிறார்

1982 மார்ச் 2 அன்று பிபிசி ஜெர்மன் நாடகாசிரியர் ப்ரெக்டின் 'பாஅல்' நாடகத்தை ஒளிபரப்பியது. ஜான் வில்லெட்டின் மொழிபெயர்ப்பு, டாமினிக் மல்டவ்னியின் இசை அமைப்பு. குடித்து, பெண்களைக் கெடுத்து, நண்பனைக் கொன்று, காட்டுக் குடிசையில் தனியே சாகும் கவிஞன் பாஅலாக, பாப் பாடகர் டேவிட் போவி. உலகமே அறிந்த முகம். எந்த இயக்குநராக இருந்தாலும் அந்த முகத்துக்குள் கேமராவை நுழைத்துவிடுவார். தயாரிப்பாளரும் அதைத்தானே விரும்புவார்?

கிளார்க் கேமராவைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். நிறுத்தினார் என்றால் நிறுத்தியேவிட்டார். அரங்கின் முழு ஆழமும் தெரிகிற அகலமான சட்டகம், அசைவில்லை, வெட்டு மிகக் குறைவு. முதல் காட்சியில் பணக்காரர் வீட்டு விருந்து. புத்தகம் போட்டுத் தருகிறேன் என்று கனவான்கள் புகழ்ந்துகொண்டிருக்க, பாஅல் தின்பதிலும் குடிப்பதிலும் வீட்டுக்காரரின் மனைவியின் மேலும் குறியாக இருக்கிறான். அவன் முகத்தை நமக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினால் அவன் கவர்ச்சியான போக்கிரியாகிவிடுவான். எட்ட நின்று பார்ப்பதால் அவன் அந்த அறையில் இருக்கும் ஒருவன், அவ்வளவே. பாட்டு வரும்போது திரை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் போவி பாஞ்சோவோடு நேராக நம்மைப் பார்த்துப் பாடுகிறார். பாட்டு கதைக்குள் கரையாமல் தனியாக நிற்க வேண்டும் என்பது ப்ரெக்டின் பழைய கோரிக்கை. மேடையில் அதற்கு ஒரு விளக்கு மாற்றம் போதும். திரையில் அதற்கு நிகரானதைக் கண்டுபிடித்தவர்கள் குறைவு.

இந்த நின்ற கேமரா சும்மா கிடைப்பதல்ல. சட்டகத்தின் முன்னும் பின்னும் ஒரே கூர்மையில் தெரிய வேண்டுமானால் லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் அந்தக் கால எலெக்ட்ரானிக் கேமராவுக்கு வெளிச்சம் கொட்ட வேண்டும். அரங்கை வழக்கத்தைவிட ஆழமாகக் கட்ட வேண்டும், ஓரங்கள் எல்லாம் தெரியும் என்பதால் அரைகுறையாக விடவும் முடியாது. மற்ற கேமராக்கள் சும்மா நிற்கும். இதெல்லாம் செலவுக் கணக்கு, சமாளித்துவிடலாம். பெரிய ஆபத்து வேறு. ஆறாவது நிமிடத்தில் ஒருவர் வசனம் தடுமாறினால் வெட்டித் தாண்டிப் போக இன்னொரு ஷாட் கையில் இல்லை. எதிரில் இருப்பவரின் முகத்துக்குத் தாவி, தடுமாறியவரின் குரலை அடியில் சரிசெய்யும் வழி அடைபட்டுவிட்டது. திரும்ப முதலிலிருந்து. காட்சியின் வேகமும் நடிகர்களின் கையில்தான். தொய்ந்தால் தொய்ந்ததுதான், எடிட்டர் இழுத்துக் கட்ட முடியாது. அப்படியானால் எல்லாம் ஒத்திகை அறையிலேயே, அந்த டேப் கோடுகளுக்குள்ளேயே, நூல் பிடித்தாற்போல் முடிந்திருக்க வேண்டும். மேடை இயக்குநர் தவிர வேறு யார் இதைத் துணிவார்கள்?

'மேட் இன் பிரிட்டன்' 1983 ஜூலையில் தனியார் தொலைக்காட்சியான ஐடிவியில் வந்தது. சென்ட்ரல் தொலைக்காட்சிக்காக, கல்வியைப் பற்றி டேவிட் லேலண்ட் எழுதிய நான்கு நாடகங்களில் ஒன்று. ஒளிப்பதிவு கிறிஸ் மெங்கெஸ், ஸ்டெடிகேமை இயக்கியவர் ஜான் வார்ட். அசையவே அசையாத கேமராவுக்கு அடுத்து நிற்கவே நிற்காத கேமரா. இதைப் பார்த்துத்தான் 'கூண்டு திறந்தது' என்கிறார்கள்.

ஸ்டெடிகேம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். இயக்குபவர் உடம்பில் ஒரு கவசம், அதிலிருந்து ஸ்பிரிங் வைத்த ஒரு கை, கையின் நுனியில் ஒரு தண்டு. தண்டின் மேலே கேமரா, கீழே எடைக்கு எதிர் எடையாக பேட்டரியும் மானிட்டரும். சுமை உடம்பில், திருப்பம் விரல் நுனியில். ஓடலாம், படி ஏறலாம், தண்டவாளம் போட வேண்டாம். ஆனால் காற்றடித்தால் கேமரா பாய்மரம்போல் திரும்பும். நடையைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் அடிவானக் கோடு சாயும். நாலைந்து தடவை திரும்ப எடுத்தால் மனிதர் களைத்துப்போவார், களைப்பு சட்டகத்தில் தெரியும். கேமரா எந்தப் பக்கமும் திரும்பலாம் என்பதால் விளக்கை நிறுத்த இடமே இருக்காது. ஃபோகஸ் தொல்லையைக் குறைக்க அகன்ற லென்ஸ். 16 மி.மீ. கேமராவின் 400 அடிச் சுருள் பத்தரை நிமிடம் ஓடும், அதற்குள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். தடுமாறினால் தாண்டிப் போக இன்னொரு ஷாட் கிடையாது. முதலிலிருந்துதான்.

'பாஅல்' நாடகத்தின் அதே நிபந்தனை. அகன்ற சட்டகம், நடிகரின் முழு உடம்பு, அவருடைய வேகம், வெட்டு இல்லை. முன்பு நடிகர் அரங்குக்குள் இருந்தார், கேமரா வெளியே நின்றது. இப்போது நடிகர் எங்கே போகிறாரோ அதுவே அரங்கு.

இது வெறும் வாதம் என்று தோன்றினால் 'மேட் இன் பிரிட்டன்' நாடகத்தின் நடுவில் வரும் கரும்பலகைக் காட்சியைப் பாருங்கள். டிம் ராத் நடிக்கும் பதினாறு வயது ட்ரெவரை, குற்றம் செய்த சிறாரை வைத்துப் பார்க்கும் ஒரு மதிப்பீட்டு மையத்தில் அறைக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். கண்காணிப்பாளர் வருகிறார், ஜெஃப்ரி ஹட்சிங்ஸ் அதில் நடித்திருக்கிறார். சாக்பீஸை எடுக்கிறார். வீடு, பள்ளி, வேலையில்லாத் திண்டாட்டம், திருட்டு, போலீஸ், சிறை என்று ட்ரெவரின் எதிர்காலத்தை வட்டம் வட்டமாக வரைந்து, அம்புக்குறி போட்டு, நிதானமாக விளக்குகிறார். நீளமான காட்சி. எங்கும் ஓட்டமில்லை, நடையில்லை. ஓர் அறை, ஒரு பலகை, ஒருவர் பேச்சு. சுத்தமான மேடைக் காட்சி. நடையின் புகழில் இது மறைந்துபோய்விட்டது. ட்ரெவர் மற்ற நேரமெல்லாம் அப்படி நடப்பது ஏன் என்பதற்கு இந்தக் காட்சியில்தான் பிடி இருக்கிறது: அவன் நடந்து போகிற வழியை ஒருவர் முன்கூட்டியே சாக்பீஸால் வரைந்துவிட்டார்.

வாலரியின் மூச்சு

ஜிம் கார்ட்ரைட்டின் 'ரோட்' 1986இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் நடந்தபோது பார்வையாளர்களுக்கு நிலையான இருக்கை கிடையாது. நடிகர்களுக்கு நடுவே நடமாடிக்கொண்டே பார்க்க வேண்டும். ஒரு தெரு, அதன் வீடுகள், ஒரே இரவு. 1987இல் கிளார்க் அதை பிபிசிக்காக டரம் மாவட்டத்தின் ஈசிங்டன் கோலியரி என்ற சுரங்க ஊரில் எடுத்தார். வாலரி, வேலையிழந்து குடித்துக் கிடக்கும் கணவனைப் பற்றி ஒரு நீண்ட தனிமொழி பேசுகிறாள். லெஸ்லி ஷார்ப் அதைத் தெருத்தெருவாக நடந்துகொண்டே பேசுகிறார், கேமரா விடாமல் கூடவே போகிறது.

வெறும் நடைக்கும் பேசிக்கொண்டு நடப்பதற்கும் வித்தியாசம் உண்டு. முகத்தைக் காட்ட வேண்டும் என்றால் இயக்குபவர் பின்னோக்கி நடக்க வேண்டும், இடுப்பைப் பிடித்து வழிநடத்த ஓர் ஆள் வேண்டும்; அல்லது கேமராவை மட்டும் பின்பக்கம் திருப்பிக்கொண்டு தான் முன்னோக்கி நடக்க வேண்டும். மைக் பிடிப்பவரும் அதே வேகத்தில், காலடிச் சத்தம் கேட்காமல் கூடவே வர வேண்டும். நடிகர் வேகத்தைக் கூட்டினால் மூவரும் கூட்ட வேண்டும். இதில் பேச்சுக்குக் கிடைக்கும் ஆதாயம் மூச்சு. உட்கார்ந்து சொன்னால் அந்த வரிகள் புலம்பலாக இறங்கிவிடும். நடக்கும்போது மூச்சு வாங்குகிறது, வாக்கியம் எதிர்பாராத இடத்தில் உடைகிறது, அவள் எங்கேயோ போயே ஆக வேண்டும், ஆனால் போக இடமில்லை. மேடை நாடகத்தைத் திரைக்குக் கொண்டுவரும்போது 'திறந்து விடுவது' என்று சொல்லி நாலு வெளிப்புறக் காட்சி சேர்ப்பார்கள். இங்கே அந்த வேலை நடக்கவில்லை. ராயல் கோர்ட்டில் பார்வையாளர் செய்ததை இங்கே கேமரா செய்கிறது. மேடை வடிவத்துக்கு இதைவிட விசுவாசமான படமாக்கல் எனக்குத் தெரிந்து இல்லை.

என் கட்சிக்கு ஒரு சங்கடம் உண்டு, அது 'எலிஃபண்ட்'. 1989 ஜனவரியில் பிபிசி2இல் வந்தது; வட அயர்லாந்து பிபிசிக்காக டேனி பாயில் தயாரித்தார். 39 நிமிடம், 18 கொலைகள், பெல்ஃபாஸ்ட். வசனம் அநேகமாக இல்லை. யார் எவரை ஏன் கொல்கிறார், எந்தத் தரப்பு, எதுவும் சொல்லப்படுவதில்லை. ஒருவர் நடந்து வருகிறார், கேமரா பின்தொடர்கிறது, துப்பாக்கி, விழுகிறார், கொன்றவர் நடந்து போகிறார், பிறகு கிடக்கும் உடல்மேல் கேமரா சில நொடிகள் அசையாமல் நிற்கிறது. மறுபடி அடுத்த ஆள். சில சமயம் நாம் கொலைகாரனின் பின்னால் நடக்கிறோம், சில சமயம் சாகப்போகிறவனின் பின்னால். துப்பாக்கி வெளியே வரும்வரை எது என்று தெரியாது. நடிகருக்கு நேரமும் இடமும் கொடுப்பதே மேடைத்தனம் என்றால், இங்கே நடிப்பு என்று எதுவும் மிச்சமில்லையே? இதை என்ன செய்வது?

ஓரளவுக்குத்தான் என்னிடம் பதில் இருக்கிறது. மேடை ஒத்திகையின் முதல் வாரத்தில் நடப்பது யார் எங்கிருந்து வருவது, எங்கே நிற்பது, எந்தப் பக்கம் வெளியேறுவது என்ற நடமாட்ட ஒழுங்கு. குணச்சித்திரம், காரணம், குரல் எல்லாம் அதன்மேல் ஏறும். 'எலிஃபண்ட்'டில் அந்த எலும்புக்கூடு மட்டும் இருக்கிறது: வருதல், நிற்றல், போதல். கடைசிக் கொலையில் மட்டும் இருவர் சேர்ந்து நீண்ட தூரம் நடக்கிறார்கள். இருவரில் ஒருவர் தானாகவே போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார். தன் இடம் எது என்று ஏற்கெனவே சொல்லிக்கொடுக்கப்பட்ட நடிகரைப்போல. ஆனாலும் அந்த உடல்கள்மேல் நிற்கும் கேமராவை நான் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை. மேடையில் செத்தவர் விளக்கு அணைந்ததும் எழுந்து போய்விடுவார்.

அடுத்த மாதமே கால்பந்து ரவுடிகளைப் பற்றிய 'தி ஃபர்ம்' வந்தது, கேரி ஓல்ட்மன் நடித்தது. 1990 ஜூலை 24 அன்று புற்றுநோயில் கிளார்க் இறந்தார், வயது 54.

பிபிசிக்காக அவர் எடுத்ததில் அழியாமல் தப்பிய தனி நாடகங்களை 2016இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் ஒரே பெட்டியாக வெளியிட்டிருக்கிறது. 'மேட் இன் பிரிட்டன்' ஐடிவி சரக்கு என்பதால் அதைத் தனியாகத் தேட வேண்டும். 'எலிஃபண்ட்'டில் தொடங்காதீர்கள், எல்லாரும் அதில் தொடங்குவதால்தான் நடைப் புராணம் வளர்கிறது. 'சை-வாரியர்ஸ்', 'பாஅல்', கரும்பலகைக் காட்சி, 'ரோட்' என்று வாருங்கள். 'பாஅல்' மட்டும் கைபேசியில் வேண்டாம். அன்றைய சின்னப் பெட்டியிலேயே போவி தீக்குச்சி அளவுதான் தெரிந்திருப்பார். இன்றைய பெரிய திரையில்தான் அந்த நாடகத்தில் பின்வரிசையில் நிற்பவர்களின் முகம் முதல்முறையாகக் கிடைக்கிறது. டிவியின் அமைப்பில் போய், அந்தக் காலப் பெட்டியின் அகல-உயர விகிதமான 4:3 என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையை நிரப்புகிறேன் என்று மேலும் கீழும் வெட்டினால் அரங்கின் உயரம் போய்விடும், ஆட்கள் அவர் விரும்பாத அளவுக்கு நெருங்கி வந்துவிடுவார்கள்.